நாற்பது டிகிரி வெயிலில் ஒரு பழைய கேமிங் லேப்டாப்

லேப்டாப் சூடாகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் பதில், "ஒரு கூலிங் பேட் வாங்கிப் போடுங்க" என்பதுதான். கடைக்காரர் சொல்வார், ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொல்வார், கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் தூரத்துச் சொந்தம் ஒருவர் சொல்லிவிடுவார். லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகை அது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அக்கா பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது, நீல விளக்கெல்லாம் எரியும். இப்போது அதன்மேல் வைஃபை ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது.

பழைய கேமிங் லேப்டாப்பை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் என் கட்சி வேறு. வெளியிலிருந்து காற்றடிப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உள்ளே போகிற மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு சிப் எத்தனை வாட் இழுக்கிறதோ, அத்தனை வாட்டும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வேறு வழியில் அது போகாது. இவ்வளவு எளிய கணக்கை விட்டுவிட்டு நாம் விசிறி வாங்கப் போய்விடுகிறோம்.

என்னுடையது 2019-இல் வாங்கியது. இன்டெல் ஐ7-8750எச் பிராசஸர், 6 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் ஆறு பகுதிகள்). என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ், 6 ஜிபி. 180 வாட் அடாப்டர். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை; அந்த வருஷங்களில் இதே பிராசஸரையும் கிராபிக்ஸையும் எல்லாக் கம்பெனிகளும் கிட்டத்தட்ட இதே மாதிரி மெல்லிய உடம்புக்குள் அடைத்துத்தான் விற்றன. வார இறுதிகளில் மச்சானின் ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பது இதில்தான். மிச்ச நேரத்தில் அக்கா பையன் வேலரன்ட் என்ற கேம் ஆடுவான். விற்கப் போனால் அடிமாட்டு விலை கேட்கிறார்கள். இதே வேலைக்குப் புதிதாக ஒன்று எடுத்தால் லட்சத்தைத் தொடும். அதனால் இது ஓடுகிற வரை ஓடட்டும்.

ஓடுகிற இடம்தான் பிரச்சினை. வேலூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் காங்கிரீட் தளம் ராத்திரியில் எங்கள் தலைமேல் இறக்கும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திரத்தில், இரவு ஒன்பது மணிக்கும் அறைக்குள் 36, 37 டிகிரி இருக்கும். பல லேப்டாப்களின் கையேட்டில், இயங்கும் சூழலின் உச்ச வெப்பநிலை 35 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அதாவது வருஷத்தில் ஒரு பகுதி முழுக்க, கையேட்டை எழுதியவர் கணக்கில் எடுக்காத ஓர் அறையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

இங்கேதான் யூடியூப் நம்மை ஏமாற்றுகிறது. "பேஸ்ட் மாற்றினேன், 72 டிகிரிக்கு இறங்கிவிட்டது" என்று ஒருவர் காட்டுவார். சிப்புக்கும் அதன் மேலிருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில், சூட்டைக் கடத்தத் தடவும் பசைதான் பேஸ்ட். அவர் அறையில் 20 டிகிரி இருக்கும். ஒரே அளவு மின்சாரம் இழுக்கும்போது, சிப்பின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக மாறாது. அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய பத்து ஏறும். அவருடைய 72 நம் அறையில் 89. அதனால் மேஜைமேல் மலிவான ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன், மருந்துக் கடையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்களே, அந்த வகை. எந்த மாற்றம் செய்தாலும் சிப்பின் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழித்துத்தான் குறித்துக்கொள்வேன். டிசம்பரில் பேஸ்ட் மாற்றிவிட்டு "அடடா, என்ன அருமையான பேஸ்ட்" என்று மகிழ்ந்தால், பாதிப் பாராட்டு மார்கழிக்குச் சேர வேண்டியது.

அளப்பதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் நூறு வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். பிராசஸரின் சூடு, அது இழுக்கும் வாட், "தெர்மல் த்ராட்லிங்" (சூட்டால் வேகம் குறைவது) என்ற இடத்தில் ஆமாம் என்று வருகிறதா, கிராபிக்ஸின் சூடு, விசிறிகளின் வேகம். இந்த ஐந்தைப் பார்த்தால் போதும்.

என் பிராசஸருக்கு இன்டெல் கொடுத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அந்த எல்லையை நெருங்கியதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் போனால்தான் மொத்தமாக அணையும். ஆக, சூட்டில் பிராசஸர் வெந்துவிடும் என்ற பயம் கொஞ்சம் அதிகப்படி. சிலிக்கான் சிப் தாங்கிக்கொள்ளும். அதைச் சுற்றி இருப்பவைதான் முதலில் சாகும்: விசிறியின் பேரிங், பேட்டரி, நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட். நாம் காப்பாற்றப் பார்ப்பது இவற்றைத்தான். பிறகு, வேகம். 3.9 கிகாஹெர்ட்ஸில் ஆறு கோரும் ஓடுமென்று காசு கொடுத்தோம். சூடு ஏறி 2.6-க்கு இறங்கி அது தவழ்ந்தால் எரிச்சல் வராதா?

சூடு எப்படி வெளியே போகிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் எங்கே கை வைப்பது என்று புரிந்துவிடும். சிப்பின்மேல் செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான செம்புக் குழாய்கள், குழாய்களின் முனையில் மெல்லிய தகடுகளின் வரிசை, அதை ஒட்டி விசிறி. விசிறி நீங்கலாக இந்தச் செம்புத் தொகுப்பைத்தான் ஹீட் சிங்க், சுருக்கமாக சிங்க், என்பார்கள். குழாய் உள்ளே திடமாக இருக்காது. காற்றை எடுத்துவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் துளி நீரை வைத்து மூடியிருப்பார்கள். சிப் பக்கம் நீர் ஆவியாகும், விசிறிப் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகும், குழாயின் உள்சுவரில் இருக்கும் செம்புத் துகள் படலம் வழியாக ஊறித் திரும்ப வரும். இட்லிப் பானையின் மூடியில் ஆவி பட்டுச் சொட்டுவதுதான், இங்கே அது ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழாய் நசுங்காமல் ஓட்டை விழாமல் இருக்கும்வரை அதற்கு வயதாவதில்லை. வயதாவது அதன் இரு முனைகளில்: ஒரு முனையில் பேஸ்ட் காய்கிறது, மறுமுனையில் தூசி அடைக்கிறது.

தூசியை முதலில் முடித்துவிடலாம். ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுகிற நாளில் லேப்டாப்பின் அடிமூடியையும் கழற்றுவது என் வழக்கம். மார்ச்சில், வெயில் ஏறுவதற்கு முன் இன்னொரு முறை. அடிமூடியில் நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் கலந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்துவிடுவேன். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும். மூடியைப் பிரிக்கக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் உள்ளே வேறு எதையும் தொடக்கூடாது.

வெளியிலிருந்து புளோயர் அடித்தால் தூசி போய்விடும் என்று நினைப்போம். தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். விசிறி காற்றைத் தள்ளும் வாய்க்கும் தகடு வரிசைக்கும் நடுவில், தகடுகளின் உள்முகத்தில் அது படிந்திருக்கும். வெளியிலிருந்து அடித்தால் விசிறிக்குள் கொஞ்சம் விழும், மறுபடி ஓட்டியதும் அதே இடத்துக்குப் போய்ச் சேரும். விசிறியையே கழற்ற வேண்டும். என்னுடையதில் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்க்ரூ. கழற்றினால், தகடு வரிசையின் முழு நீளத்துக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. குண்டூசியால் ஓரத்தைக் கிளப்பினேன், கிழியாமல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்ளே தலைமுடி, போர்வை நூல், ஏதோ பூச்சியின் இறக்கை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. இதைத் தாண்டித்தான் விசிறி காற்றைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

நம் வீடுகளில் தூசி வெறும் தூசியாக இருப்பதில்லை. ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, அடுப்படித் தாளிப்பு எல்லாம் சேர்ந்து லேசான பிசுக்கு படியும். அதன்மேல் விழும் தூசி ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு அசையாது. மென்மையான பெயின்ட் பிரஷில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால்தான் போகும். புளோயர் அடிப்பதானால் விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். பூஜை பற்றி ஒரு வார்த்தை: சந்தனம் குங்குமம் வைக்க விரும்புகிறவர்கள் மேல் மூடியில் வைக்கட்டும். எங்கள் அம்மா காற்றுத் துளைக்குப் பக்கத்தில் விபூதி பூச வந்தார், பாதி வழியில் கையைப் பிடித்துவிட்டேன்.

அடுத்து பேஸ்ட். மேஜைக் கணினியின் பிராசஸருக்கு மேல் உலோக மூடி இருக்கும், லேப்டாப்பில் கிடையாது. சிலிக்கான் துண்டு நேராகச் செம்புத் தகட்டைத் தொடுகிறது. என் பிராசஸரின் சிலிக்கான் சுமார் 150 சதுர மில்லிமீட்டர்தான். அந்தச் சிறிய இடத்திலிருந்து 45 வாட், சில நொடிகளுக்கு அதற்கும் மேலே, கிளம்பி வருகிறது. சூடானால் விரிவதும் ஆறினால் சுருங்குவதுமாக, ஒவ்வொரு முறையும் நடுவிலிருக்கும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படும். மேஜைக் கணினியில் வருஷக்கணக்கில் நிற்கும் பேஸ்ட், லேப்டாப்பில் சில மாதத்தில் நடுவில் வெறுமையாகிவிடுவது இதனால்தான். இதைக் கண்டுபிடிக்க மூடியைத் திறக்கவே வேண்டாம். எல்லா கோருக்கும் வேலை கொடுத்துவிட்டு ஒவ்வொன்றின் சூட்டையும் பாருங்கள். ஐந்து கோர் 80-இல் இருக்க, ஒன்று மட்டும் 93-இல் நின்றால், அந்த இடத்தில் பேஸ்ட் நகர்ந்துவிட்டது அல்லது தகடு சரியாக உட்காரவில்லை.

தெருமுனைக் கடைகளில் சிரிஞ்சில் வைத்திருக்கும் வெள்ளை பேஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்1 போன்றவை பரவாயில்லை, அவையும் இந்தச் சூட்டில் நகரும். நான் கடைசியாக வந்து நின்றது ஹனிவெல்லின் பிடிஎம்7950. இது பேஸ்ட் கிடையாது, மெல்லிய தாள். அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். 45 டிகிரி வாக்கில் இளகி இரண்டு பரப்புக்கும் நடுவிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் போய் உட்காரும். இளகினாலும் தண்ணீராக ஓடாது, அதனால் ஓரத்துக்குத் தப்பிப் போவதில்லை. வேலூர் மேயில் அதன் மேலுறையை உரிப்பது தனிக் கலை. முதலில் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சுத்தமாக உரியும், இல்லையென்றால் கையோடு ஒட்டிக்கொண்டு கிழியும். போட்டவுடன் அளந்து பார்த்து ஏமாறவும் கூடாது. சில முறை நன்றாகச் சூடேறி ஆறினால்தான் அது படியும். ஆன்லைனில் போலி ஏராளம், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

திரவ உலோகம் என்று ஒன்று இருக்கிறது. காலியம் கலந்தது, சூட்டைக் கடத்துவதில் ராஜா. அலுமினியத்தை அரித்துவிடும், மதர்போர்டில் ஒரு துளி சிந்தினால் ஷார்ட் ஆகும். பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகிற பொருளுக்குள் அதை நான் ஊற்ற மாட்டேன்.

பேஸ்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பக்கத்திலிருக்கும் பேடைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிராபிக்ஸ் மெமரியின் மேலும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகங்களின் மேலும் மெத்தென்று ரப்பர் பட்டைகள் இருக்கும். அவை அரை மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை, இடத்துக்கு இடம் வேறு தடிமன். நண்பன் ஒருவன் ஒரு சர்வீஸ் கடையில் பேஸ்ட் மாற்றிக்கொண்டு வந்தான். பிராசஸர் சூடு அருமையாக இறங்கியிருந்தது. விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள். திறந்து பார்த்தால், கிழிந்த பட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்திலும் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை பேஸ்ட் நிரப்புமா? மெமரி செம்பைத் தொடவே இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை மட்டும் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அதை எடுத்துப் போனோம். எந்த பேஸ்ட் நல்லது என்று நான் ஆரம்பித்தேன்.

"அத விடுங்க தம்பி. எத்தன எம்எம் பேடுன்னு தெரியுமா?"

"தெரியலண்ணே. பழசத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அப்ப அளந்துதான் போடணும். தடியாப் போட்டா சிங்க் தூக்கிக்கும், பிராசஸர் சூடாவும். ஒல்லியாப் போட்டா மெமரி காலி."

கொஞ்சம் மாவு போன்ற ஒன்றை உருட்டி மெமரியின்மேல் வைத்தார், சிங்க்கை மேலே வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கினார், மறுபடி கழற்றி நசுங்கிய தடிமனை வெர்னியரில் அளந்தார். பிறகுதான் பட்டையை வெட்டினார். சிங்க்கின் ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பதையும் அவர்தான் விரலால் தொட்டுக் காட்டினார். எண் வரிசைப்படி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிலிக்கானின் மூலை உடையும்.

இதெல்லாம் செய்து முடித்த பிறகும் மே மாதத்தில் என் லேப்டாப் 95-ஐத் தொட்டது. தூசியும் பேஸ்ட்டும் இயந்திரத்தை அதன் பழைய நிலைக்குத்தான் கொண்டுவரும். புதிதாக வாங்கியபோதே வேலூர் வெயிலுக்குப் போதாத குளிர்ச்சி அது. மேற்கொண்டு இறக்க மின்சாரத்தில்தான் கை வைத்தாக வேண்டும்.

சிப் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராக ஏறும். மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்தில் ஏறும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசியில் கிடைக்கும் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மிக அதிக விலை. அந்த உச்சியை மட்டும் வெட்டிவிட்டால் வேகத்தில் இழப்பது கொஞ்சம், சூட்டில் மிச்சமாவது நிறைய.

மிக எளிய வழி விண்டோஸிலேயே இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் அதிகபட்ச நிலை என்ற இடத்தில் 100-ஐ 99 ஆக்கினால் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் தானாக ஏறும் வசதி, அணைந்துவிடும். என்னுடையது 2.2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. பிரவுசர், எக்செல், படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அது தாராளம், விசிறிச் சத்தமே இருக்காது. எடிட்டிங்குக்கு மட்டும் போதாது.

அதற்கு த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருள். அதில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு எல்லைகள். தொடர்ந்து எத்தனை வாட் இழுக்கலாம், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எத்தனை வாட் என்பது கணக்கு. என்னுடையதில் கம்பெனி வைத்திருந்த எல்லையில் ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றினால்), எச்டபிள்யூஇன்ஃபோவின் வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கும்: வேகம் ஏறும், 97-ஐத் தொடும், பொத்தென்று விழும், மறுபடி ஏறும். பிஎல்1-ஐ 38 வாட்டில் நிறுத்தினேன். கோடு நேரானது. சூடு 84, 85-இல் நின்றது. ஒரே முகூர்த்த வீடியோவை இரண்டு விதமாகவும் ரெண்டர் போட்டுப் பார்த்ததில், முடிய எடுத்த நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கூடுதல் வாட்டெல்லாம் ஏறி விழுவதிலேயே செலவாகியிருக்கிறது.

அதே மென்பொருளில் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். ஒவ்வொரு சிப்பும் வேறு தரம் என்பதால் தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கூடுதலைக் கழிப்பதுதான் அண்டர்வோல்ட். கோர், கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) இரண்டிலும் பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்துப் போனேன்; என்னுடையது 110 வரை தாங்குகிறது. அதற்கு மேலும் குறைத்தால் விண்டோஸ் விழுந்து நீலத் திரை வரும். பயந்துவிடாதீர்கள், மறுபடி ஆன் செய்தால் பழைய மதிப்புக்கு வந்துவிடும். ஆனால் சரியாக நிற்கிறது என்று ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல், விண்டோஸ் திறக்கும்போதே தானாக ஏறும்படி வைத்துவிடக்கூடாது. வைத்துவிட்டால் திறக்கும்போதே விழும்.

சிலருக்கு இந்தப் பகுதியே பூட்டியிருக்கும். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டையை பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மின்னழுத்தத்தை மென்பொருளால் குறைத்து, இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் கணக்கைப் பிழையாக்கி, ரகசியத்தை வெளியே எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதன்பிறகு வந்த பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பலவற்றில் அண்டர்வோல்ட் வசதி மூடப்பட்டது. ஓட்டையை அடைத்தது சரிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் வெயிலூருக்காரன் நான் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பூட்டியிருந்தாலும் வாட் எல்லையைக் குறைக்கும் வழி பல இயந்திரங்களில் திறந்துதான் இருக்கிறது.

கிராபிக்ஸுக்கு அந்தப் பூட்டு இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு திறக்கும்: எந்த மின்னழுத்தத்துக்கு எந்த வேகம். என் 1060-ஐ 800 மில்லிவோல்ட்டில் 1,600 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, அதற்கு வலப்பக்கம் எல்லாவற்றையும் அதே மட்டத்துக்குத் தட்டையாக்கிவிட்டேன். முன்பு 80 வாட்டைத் தொட்டது இப்போது 60-க்குள் நிற்கிறது. இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. இந்த மாதிரி லேப்டாப்களில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் செம்புக் குழாய்கள் பொதுவாகவே ஓடும். ஒன்று இழுக்கும் சூட்டை இன்னொன்றும் சுமக்கும். கிராபிக்ஸைக் குறைத்தால் பிராசஸரும் சேர்ந்து இறங்குகிறது.

இத்தனை செய்தும், விளையாட்டு விஷயத்தில் பெரிய பஞ்சாயத்து அக்கா பையனோடுதான். நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வரைய வேண்டும் என்பதுதான் சண்டை.

"மாமா, ஃப்ரேம் எவ்ளோ வருது தெரியுமா? இருநூறு!"

"உன் ஸ்க்ரீன் எவ்ளோடா காட்டும்?"

"நூத்தி நாப்பத்தி நாலு."

"மிச்சம் அம்பத்தாறு எங்க போகுது?"

"...சூடாப் போகுது. அதுக்காக அறுபதுல லாக் பண்ணச் சொல்லாதீங்க மாமா, சத்தியமா ஆட முடியாது."

நூறில் ஒத்துக்கொண்டான். என்விடியா கன்ட்ரோல் பேனலிலேயே அதிகபட்ச ஃப்ரேம் என்று ஓர் இடம் உண்டு, 2020 ஜனவரி டிரைவரிலிருந்து வந்தது. அதில் பூட்டிவிட்டேன். வேலரன்ட் மாதிரி லேசான விளையாட்டுகள் பிராசஸரைத்தான் பிழியும். ஃப்ரேமைப் பூட்டியதும் அதன் வாட் நன்றாக இறங்கிவிட்டது. எல்லையே வைக்காத பழைய விளையாட்டுகள் சிலவற்றில், ஒன்றுமே நடக்காத மெனு திரையிலேயே நூற்றுக்கணக்கில் ஃப்ரேம் ஓடி விசிறி அலறும். பூட்டுப் போட்டால் அதுவும் அடங்கும்.

காற்று விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். லேப்டாப்பின் பின்பக்கக் காலுக்கடியில் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வையுங்கள். அடியிலிருந்து காற்று இழுக்கும் லேப்டாப்புக்கு இந்த இடைவெளியே சில டிகிரி இறக்கிக் கொடுக்கும், காசும் இல்லை. சுவரை ஒட்டிப் போட்டால் வெளியே வந்த சூடான காற்றே திரும்ப உள்ளே போகும். ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மெத்தைமேல் வைக்கவே கூடாது. சாதாரண கூலிங் பேடின் விசிறி இருக்கும் இடத்தில் உங்கள் லேப்டாப்புக்கு வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கும் என்றால் அது விளக்கலங்காரம் மட்டுமே. சுற்றிலும் ஸ்பாஞ்சு வைத்து அடைத்து, பெரிய விசிறியால் காற்றை உள்ளே திணிக்கும் வகை உண்மையிலேயே வேலை செய்கிறது. அதன் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்து வருவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி அடியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும், அந்தத் துளிகள் போய்ச் சேருமிடம் மதர்போர்டு. ஏர் கூலர் அறையைக் குளிர்விக்கட்டும், லேப்டாப்பின் முகத்துக்கு நேரே திருப்ப வேண்டாம்.

சூட்டில் சத்தமில்லாமல் கெடுவது பேட்டரி. எப்போதும் அடாப்டரில் மாட்டி 100 சதவீதத்தில் வைத்து, பக்கத்திலேயே 90 டிகிரி சிப்பையும் ஓட்டினால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும், உப்பவும் செய்யும். டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ, கிளிக் இறுகிப்போனாலோ, லேப்டாப் மேஜைமேல் ஆடினாலோ உடனே நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். உப்பியதை அமுக்குவது, குத்திக் காற்றை எடுப்பது போன்ற வீர விளையாட்டுகள் வேண்டாம், தீப்பிடிக்கும். பல கம்பெனிகளின் சொந்த மென்பொருளில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. என்னுடையது 60-இல் நிற்கிறது.

விசிறியின் பேரிங் தேய்ந்தால் முதலில் லேசாகக் கரகரக்கும், லேப்டாப்பைச் சாய்த்தால் சத்தம் மாறும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் சில வாரம் ஓடும், அதற்குமேல் மாற்றத்தான் வேண்டும். விசிறியின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் இடப்பக்கத்துக்கு வலப்பக்கத்தை அனுப்பிவிடுவார்கள்.

அக்கா பையன் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகிறான். இப்போதே புதிய லேப்டாப்களின் படங்களை அனுப்ப ஆரம்பித்துவிட்டான். எல்லாவற்றிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்று கிராபிக்ஸ் சிப்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ஒரே பெயரை 35 வாட்டிலும் வைக்கலாம், 115 வாட்டிலும் வைக்கலாம் என்று என்விடியாவே அனுமதிக்கிறது. எத்தனை வாட் என்பதைப் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும். எந்த லிங்க் வந்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது அந்த எண்ணை. அடுத்தது, அடிமூடி சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் திறக்குமா என்பது. மூன்றாவதாக, அதன் விசிறி ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனியாகக் கிடைக்குமா என்று மாடிப்படி அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகும். இதுவரை அனுப்பிய நாலைந்துக்கு "கிடைக்காது தம்பி" என்றுதான் பதில் வந்திருக்கிறது.